ஈசிஜி சுற்று சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கல்லூரிகளில் புராஜெக்ட் பருவம் தொடங்கிவிட்டால் ஒரே முறையீடு மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கும்: சர்க்யூட்டைப் படத்தில் உள்ளபடியே கட்டியாகிவிட்டது, ஆனால் இதயத் துடிப்பு திரையில் வரவில்லை. சொல்பவர்கள் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். போர்டில் தவறு இருக்காது. கோளாறு தோலுக்கும் உள்ளீட்டு இணைப்புக்கும் நடுவில் இருக்கும். அது தெரியாமல் ஐசியை மாற்றி, ரெசிஸ்டர்களைப் பிடுங்கி, நன்றாக இருந்த போர்டையும் கெடுத்துவிட்டு வருகிறார்கள். ஆகவே போர்டைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை முதலிலும், செலவு வைக்கும் வேலைகளைக் கடைசியிலும் வைத்து எழுதுகிறேன். ஈசிஜியை மையமாக வைத்திருக்கிறேன். தசை (ஈஎம்ஜி), மூளை (ஈஈஜி) சமிக்ஞைகளுக்கு மாறுபடும் இடங்களை நடுவில் தனியாகச் சொல்கிறேன்.

## தொடங்கும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். எலக்ட்ரோடு ஒட்டிய ஆள் இணைந்திருக்கும் நேரத்தில் சுற்று பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். லேப்டாப் இணைந்திருந்தால் அதன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ஆசிலோஸ்கோப்பை ஆள் இணைந்த சுற்றில் வைக்கவே கூடாது. புரோபின் கிரவுண்ட் கிளிப் நேராக எர்த்தில் போய் முடிகிறது. அதை மாட்டிய நொடியில் அந்த ஆளையும் எர்த்தோடு கட்டிவிட்டீர்கள். அவர் கை பிறகு கசிவுள்ள ஏதாவது ஒரு கருவியின் மேல் பட்டால் மின்சாரம் அவர் உடல் வழியாகத்தான் போகும். பேஸ்மேக்கர் பொருத்தியவரை வீட்டில் கட்டிய எந்தச் சுற்றோடும் இணைக்காதீர்கள்.

ஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டிய சோதனைகளுக்கு ஆளுக்குப் பதிலாகப் பொய் உடல் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். 51 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 47 நானோஃபாரட் கெபாசிட்டரும் இணையாகச் சேர்ந்த இணைப்புகள் மூன்று வேண்டும். மூன்றின் ஒரு முனையையும் ஒன்றாகச் சால்டர் செய்துவிட்டால், மற்ற மூன்று முனைகளும் மூன்று எலக்ட்ரோடுகள். தோலும் எலக்ட்ரோடும் சேரும் இடத்துக்குச் சோதனைத் தரங்கள் எடுத்துக்கொள்ளும் மதிப்பு இதுதான். செலவு சில பத்து ரூபாய்.

இனி வரும் எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான சோதனைகள் இரண்டு.

குறுக்கிணைப்புச் சோதனை. எலக்ட்ரோடு வயர்களைக் கழற்றிவிட்டு, போர்டின் உள்ளீட்டு முனையிலேயே பிளஸ், மைனஸ், ரெஃபரன்ஸ் (ஈசிஜியில் வலது காலுக்குப் போவது) மூன்றையும் சிறு வயரால் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். கோளாறு மறைந்துவிட்டால் குற்றவாளி வெளியே இருக்கிறது: எலக்ட்ரோடு, கேபிள், உடல், அறை. மறையவில்லை என்றால் போர்டுக்குள் இருக்கிறது. எந்த அறிகுறி வந்தாலும் முதல் வேலை இது. இதைச் செய்யாமல் சால்டரிங் இரும்பைச் சூடாக்காதீர்கள்.

ஒரு மில்லிவோல்ட் சோதனை. சிக்னல் ஜெனரேட்டரில் 1 வோல்ட், 10 ஹெர்ட்ஸ் வையுங்கள். 100 கிலோ ஓம், 100 ஓம் என்ற இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து, 100 ஓமின் இரு முனைகளிலிருந்து எடுத்தால் கிட்டத்தட்ட சரியாக 1 மில்லிவோல்ட் கிடைக்கும். அதைப் பிளஸ், மைனஸ் உள்ளீடுகளுக்குக் கொடுத்து, ரெஃபரன்ஸையும் அதில் ஒரு முனையோடு சேர்த்துவிடுங்கள். வெளியீட்டில் 1 வோல்ட் வந்தால் உங்கள் மொத்தப் பெருக்கம் 1000. ஈசிஜியின் உயரமான முனையும் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட்தான். ஆகவே இந்தச் சோதனையில் தெளிவாக வராதது நெஞ்சிலிருந்தும் வராது. இதைச் செய்யும்போது ஆள் இணைந்திருக்கக் கூடாது.

## அறிகுறி 1: கோடு நேராகக் கிடக்கிறது

கோடு எங்கே கிடக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மல்டிமீட்டரில் வெளியீட்டை அளந்தால் போதும். நடுவில் கிடப்பதும் மின்வழங்கலின் உச்சியிலோ அடியிலோ ஒட்டிக்கொண்டு கிடப்பதும் இரண்டு தனித்தனி நோய்கள்.

### நடுவில் நேராகக் கிடந்தால்

கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மல்டிமீட்டரின் பீப் ஒலியை நம்பி "வயர் அறுந்திருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். மருத்துவமனைத் தர ஈசிஜி கேபிள்கள் பலவற்றில், டிஃபிப்ரிலேட்டர் அதிர்ச்சியிலிருந்து கருவியைக் காப்பதற்காக உள்ளேயே சில கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பீப் வராது, ஆனால் வயர் நன்றாகவே இருக்கும். ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். மூன்று வயரும் ஒரே மதிப்பைக் காட்டினால் கேபிள் சரி. அளக்கும்போது வயரை முனைக்கு அருகில் வளைத்து வளைத்துப் பாருங்கள். உடையும் இடம் பெரும்பாலும் ஸ்னாப் பொத்தானுக்கு அடுத்த சில சென்டிமீட்டருக்குள்தான்.

அடுத்தது எலக்ட்ரோடு இடம் மாறியிருப்பது. வலது கைக்கும் இடது காலுக்கும் இடையே அளக்கும் லீட் 2 அமைப்பில், வலது கை வயரும் வலது கால் வயரும் மாறிப்போனால், சுற்று இரண்டு கால்களுக்கு இடையிலான வேறுபாட்டை அளக்கும். அங்கே அநேகமாக ஒன்றும் இருக்காது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தும் கோடு தட்டையாக வரும்.

ஏடி8232 என்ற ஈசிஜி ஐசி வைத்த சிறு போர்டுகளில் இன்னும் இரண்டைப் பாருங்கள். ஷட்டவுன் பின் தாழ்ந்த நிலையில் இருந்தால் ஐசி உறங்கிவிடும். 3.5 மில்லிமீட்டர் ஜாக் முழுவதும் உள்ளே போகாமல் அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் ஒரு எலக்ட்ரோடு துண்டாகிவிடும். போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அந்த ஐசிக்கு 3.5 வோல்ட்தான் மேல் எல்லை. 5 வோல்ட் குடித்த ஐசி பிழைத்திருந்தாலும் அதை நம்ப வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

### உச்சியிலோ அடியிலோ ஒட்டிக் கிடந்தால்

பயோமெடிக்கல் சுற்றுகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது. வரிசையாகப் போவோம்.

எலக்ட்ரோடுகளுக்கு இடையே உள்ள நேர்மின் (டிசி) அழுத்தத்தை முதலில் அளந்து பாருங்கள். ஆளிடம் ஒட்டியபடியே, வயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, பேட்டரி மல்டிமீட்டரை மில்லிவோல்ட் நிலையில் வைத்து இரண்டு ஸ்னாப்களுக்கு இடையே பார்க்க வேண்டும். ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்த புதிய வெள்ளி–வெள்ளி குளோரைடு எலக்ட்ரோடுகள் என்றால் சில மில்லிவோல்ட் முதல் சில பத்து மில்லிவோல்ட் வரை காட்டும். நூறைத் தாண்டினால் எலக்ட்ரோடில்தான் சிக்கல்: ஜெல் காய்ந்திருக்கலாம், காலாவதியாகியிருக்கலாம், அல்லது ஒரு பக்கம் ஜெல் எலக்ட்ரோடும் மறுபக்கம் உலோகத் தகடும் வைத்திருக்கலாம். வெவ்வேறு உலோகங்களை ஒரே அளவீட்டில் கலந்தால் உடலே ஒரு சிறு பேட்டரி ஆகிவிடும்.

அந்த அளவு சரியாக இருந்தும் கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் முதல் கட்டப் பெருக்கத்தைப் பாருங்கள். ஏடி620 என்ற இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயரில் (இரு உள்ளீடுகளின் வேறுபாட்டை மட்டும் பெருக்கும் ஐசி) ஒரே தாவலாக 500 மடங்கு வைத்த படங்கள் நிறையச் சுற்றி வருகின்றன. எலக்ட்ரோடு வேறுபாடு 20 மில்லிவோல்ட் என்றால் வெளியீடு 10 வோல்ட் ஆக வேண்டும். உங்களிடம் இருப்பதோ பிளஸ் மைனஸ் 5 வோல்ட். சுற்று ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஈசிஜி கருவிகள் பிளஸ் மைனஸ் 300 மில்லிவோல்ட் எலக்ட்ரோடு வேறுபாட்டைத் தாங்க வேண்டும் என்பதுதான் வழக்கமான எதிர்பார்ப்பு. ஆகவே முதல் கட்டத்தில் 10 மடங்கோடு நிறுத்துங்கள். ஏடி620-க்கு 5.6 கிலோ ஓம் போட்டால் 9.8 மடங்கு வரும். அதற்குப் பின் ஹைபாஸ் ஃபில்டர் வைத்து நேர்மின்னை வடித்துவிட்டு, மீதி 100 மடங்கை இரண்டாம் கட்டத்தில் எடுங்கள்.

இதுவும் சரியாக இருந்தால், உள்ளீட்டு மின்னோட்டம் திரும்பிப் போகப் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரோடுக்கும் ஐசிக்கும் இடையே கெபாசிட்டர் வைத்துவிட்டு, ஐசி பக்கத்திலிருந்து நடு அழுத்தத்துக்கு (மின்வழங்கலின் நடுப்புள்ளிக்கு) ரெசிஸ்டர் போட மறந்த சுற்றுகள் உண்டு. மின்சாரம் கொடுத்ததும் சில நொடிகள் நன்றாக இருப்பதுபோல் தெரியும். பிறகு கோடு மெல்ல ஏறிப்போய் உச்சியில் ஒட்டிக்கொள்ளும். அந்த மெல்லிய ஏற்றம்தான் இந்தக் கோளாறின் அடையாளம். இரு உள்ளீட்டுக்கும் 10 மெகா ஓம் போட்டால் தீரும்.

கடைசியாக மின்வழங்கல். ஏடி620-க்குக் குறைந்தது பிளஸ் மைனஸ் 2.3 வோல்ட், அதாவது மொத்தம் 4.6 வோல்ட் வேண்டும். 3.3 வோல்ட்டில் அது ஓடாது. 5 வோல்ட் ஒற்றை வழங்கலில் ஓடினாலும், சமிக்ஞை அசைவதற்கு இடம் மிகக் குறைவு. டிஎல்072 போன்ற பழைய ஆப்-ஆம்ப்களுக்கும் இதே கதைதான். குறைந்த மின்னழுத்தத்தில் கட்ட வேண்டுமானால் 1.8 முதல் 5.5 வோல்ட் வரை ஓடும் ஐஎன்ஏ333 போன்றதற்கு மாறுங்கள். கோடு ஒட்டிக் கிடக்கும் இந்த அறிகுறிக்கு ஐசி மாற்றுவது எனக்கு நியாயமாகப் படும் இடம் இது ஒன்றுதான்.

## அறிகுறி 2: கோடு பட்டையாகத் தடித்து வருகிறது

திரையில் ஈசிஜி இருக்கிறது, ஆனால் தடித்த பட்டைக்குள் புதைந்திருக்கிறது. நேர அளவை விரித்துப் பாருங்கள். அலைகளுக்கு இடையே 20 மில்லிநொடி என்றால் 50 ஹெர்ட்ஸ்: வீட்டு மின்சாரம் காற்றின் வழியாகவும் உடலின் வழியாகவும் வருகிறது. 10 மில்லிநொடி என்றால் 100 ஹெர்ட்ஸ்: அடாப்டரின் ரெக்டிஃபையரிலிருந்து மின்வழங்கல் வழியாக வருகிறது. பேட்டரிக்கு மாறினால் 100 போய்விடும், அதற்கு மேல் தேட வேண்டாம். கீழே உள்ளவை எல்லாம் 50-க்கு.

### குறுக்கிணைத்ததும் பட்டை மறைந்தால்

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். இரண்டு முள் அடாப்டரில் ஓடும் லேப்டாப்பின் உலோக உடலை விரலால் இலேசாகத் தடவினால் ஒரு சுரசுரப்பு தெரியும். அடாப்டருக்குள் உள்ள கெபாசிட்டர் வழியாக வரும் அந்த 50 ஹெர்ட்ஸ்தான் யூஎஸ்பி கிரவுண்ட் வழியாக உங்கள் சுற்றுக்குள்ளும் வருகிறது. பாதுகாப்புக்காகச் சொன்னதையே இங்கே தெளிவுக்காகவும் சொல்கிறேன்.

அடுத்து எலக்ட்ரோடுகளைப் பிடுங்கிவிட்டுத் தோலை ஒழுங்காகத் தயார் செய்யுங்கள். முடி இருந்தால் மழித்து, ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, காய்ந்ததும் சொரசொரப்பான துணியால் இலேசாகத் தேய்த்து, புதிய எலக்ட்ரோடு ஒட்டுங்கள். தேங்காய் எண்ணெயோ பவுடரோ உள்ள தோலில் ஜெல் பிடிக்காது. ஒரு எலக்ட்ரோடு நன்றாகவும் இன்னொன்று மோசமாகவும் இருப்பது, இரண்டும் சுமாராக இருப்பதைவிடக் கெடுதல். கணக்கு இதோ: உடலில் 50 ஹெர்ட்ஸ் 0.1 வோல்ட் ஏறியிருக்கிறது, இரு எலக்ட்ரோடுகளின் தடையில் 20 கிலோ ஓம் வேறுபாடு, கேபிளின் கெபாசிட்டன்ஸால் உள்ளீட்டுத் தடை 20 மெகா ஓமுக்கு இறங்கியிருக்கிறது என்றால், 0.1 மில்லிவோல்ட் இரைச்சல் சமிக்ஞையோடு கலந்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த ஐசி போட்டாலும் இதைக் கழிக்க முடியாது.

பிறகு வயர்களைக் கவனியுங்கள். வயர்கள் அகல விரிந்து கிடக்கும்போது பட்டை தடித்து, அவற்றைச் சேர்த்துப் பின்னலாக முறுக்கியதும் மெலிந்தால், வயர் வளையத்துக்குள் காந்தப்புலம் பாய்கிறது. முறுக்கியபடியே ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் மின்விசிறி ரெகுலேட்டர், ஸ்டெபிலைசர், டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் நகர்ந்து உட்காருங்கள்.

இப்போது வலது கால் வயரைக் கழற்றிப் பாருங்கள். பட்டை பல மடங்கு தடித்தால் வலது கால் இயக்கம் (உடலில் ஏறிய இரைச்சலைத் தலைகீழாக்கிக் கால் வழியே திருப்பி அனுப்பி அடக்கும் பகுதி) தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் அது செத்துக் கிடக்கிறது என்று பொருள். ஆளைக் கழற்றிவிட்டு, பொய் உடலை மாட்டி, வலது கால் ஆப்-ஆம்பின் வெளியீட்டை ஸ்கோப்பில் பாருங்கள். நடு அழுத்தத்துக்கு அருகில் மெல்ல அசைந்துகொண்டிருக்க வேண்டும். உச்சியில் ஒட்டியிருந்தால் பின்னூட்டத்தின் திசையைச் சரிபாருங்கள். இன்வெர்ட்டிங் உள்ளீடும் நான்-இன்வெர்ட்டிங் உள்ளீடும் மாறியிருக்கக்கூடும். பல கிலோஹெர்ட்ஸில் தானே அலைந்துகொண்டிருந்தால் பின்னூட்டக் கெபாசிட்டரைப் பெரிதாக்குங்கள்.

அந்த வெளியீட்டுக்கும் காலுக்கும் இடையே உள்ள தொடர் ரெசிஸ்டரை, இரைச்சல் குறைகிறதே என்று சிறிதாக்கிக்கொண்டே போகாதீர்கள். 3.3 வோல்ட் சுற்றில் 390 கிலோ ஓம் இருந்தால், ஐசி பழுதாகி முழு அழுத்தத்தையும் காலுக்குக் கொடுத்தாலும் 8.5 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போகாது. அந்த ரெசிஸ்டர் ஆளைக் காப்பதற்காக இருக்கிறது. பத்து கிலோ ஓமாகக் குறைத்துவிட்டு "இப்போது நன்றாக வருகிறது" என்று காட்டப்பட்ட போர்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

### குறுக்கிணைத்தும் பட்டை நின்றால்

இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயரின் ரெஃப் பின்னைப் பாருங்கள். ஒற்றை வழங்கல் சுற்றுகளில் நடு அழுத்தத்துக்காக இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் பாதியாக்கி, அதை நேரே ரெஃப் பின்னில் கொடுத்துவிடுகிறார்கள். ஐசியின் உள்ளே மிகத் துல்லியமாகப் பொருத்திய ரெசிஸ்டர்களோடு வெளியிலிருந்து 5 கிலோ ஓம் சேர்ந்துவிடுகிறது. 10 மடங்குப் பெருக்கத்தில் 100 டெசிபல் பொதுமுறை நிராகரிப்பு (இரு உள்ளீட்டிலும் ஒன்றாக வரும் இரைச்சலைக் கழிக்கும் திறன்) தர வேண்டிய ஐசி பரிதாபமாக விழுந்துவிடும். மேலும், மின்வழங்கலில் உள்ள 50 ஹெர்ட்ஸ் பாதியாகி அப்படியே வெளியீட்டில் வந்து நிற்கும். ஒரு ஆப்-ஆம்பை பஃபராக வைத்து அதன் வெளியீட்டை ரெஃப்புக்குக் கொடுங்கள். இந்த ஒரு திருத்தத்தால் எழுந்து உட்கார்ந்த போர்டுகள் பல.

அடுத்தது உள்ளீட்டில் உள்ள ரேடியோ அலை ஃபில்டரின் கெபாசிட்டர்கள். இரண்டு உள்ளீட்டிலிருந்தும் கிரவுண்டுக்குப் போகும் கெபாசிட்டர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பொதுமுறை இரைச்சல் வேறுபாடாக மாறிவிடும். இரு உள்ளீட்டுக்கும் குறுக்கே, அவற்றைப் போல் பத்து மடங்கு பெரிய கெபாசிட்டர் ஒன்றைப் போட்டால் அந்தப் பொருந்தாமையின் பாதிப்பு அடங்கும். குறுக்கிணைப்பில் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும் என்பதால் பொய் உடலை மாட்டியும் பாருங்கள்.

50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டி எடுக்கும் நாட்ச் ஃபில்டர் எங்கே என்று கேட்பீர்கள். மேலே சொன்ன எல்லாம் முடிந்த பிறகு மிச்சம் இருந்தால் மென்பொருளில் வையுங்கள். முதலிலேயே நாட்ச் போடுபவர் கோளாறைத் திரையிலிருந்து மறைக்கிறார். கோளாறு உள்ளேயேதான் இருக்கும், ஆள் அசைந்ததும் வெளியே வரும்.

## அறிகுறி 3: கோடு மேலும் கீழும் அலைகிறது

மூச்சோடு சேர்ந்து அலைந்தால் அது இயல்பு. மூச்சைப் பத்து நொடி நிறுத்தச் சொல்லுங்கள். அலைவும் நின்றால் எலக்ட்ரோடை விலா ஓரத்திலிருந்து தோள்பட்டைக்கு நகர்த்தினாலே போதும்.

மூச்சோடு சேராமல் அலைந்தால் ஜெல் இன்னும் தோலில் ஊறவில்லை. ஒட்டிய பிறகு ஐந்து நிமிடம் பொறுங்கள். கோடை நாளில் வியர்வையால் எலக்ட்ரோடு வழுக்கும். அப்போது துடைத்துவிட்டுப் புதியது ஒட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

எலக்ட்ரோடை மாற்றியதும் கோடு திரைக்கு வெளியே போய்விட்டு, பத்து பதினைந்து நொடி கழித்துத் திரும்புகிறதா? இது கோளாறு அல்ல. 3.3 மெகா ஓமும் 1 மைக்ரோஃபாரடும் வைத்த 0.05 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் ஃபில்டர் நிதானத்துக்கு வர அவ்வளவு நேரம் எடுக்கும். அந்த ரெசிஸ்டரைத் தற்காலிகமாகக் குறுக்கிணைக்கும் பொத்தான் ஒன்று வைத்துவிடுங்கள்.

குறுக்கிணைத்தும் அலைந்தால் ஃபில்டர் கெபாசிட்டரைப் பாருங்கள். அங்கே எலக்ட்ரோலிட்டிக் வகை இருந்தால் அதன் கசிவுதான் காரணம், ஃபிலிம் வகைக்கு மாற்றுங்கள். அடுத்தது போர்டின் மேல் உள்ள சால்டர் ஃபிளக்ஸ். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில், மெகா ஓம் தடையுள்ள உள்ளீடுகளைச் சுற்றி மஞ்சளாக ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸ் ஒரு ரெசிஸ்டராகவே நடந்துகொள்ளும். காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் அலையும் போர்டு என்றால் இதைத்தான் நினைக்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் எடுத்து, ஐசியின் கால்களுக்கு இடையே தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள்.

இன்னொரு போலி அலைவும் உண்டு. ஆர்டுவினோவில் ஒவ்வொரு சுற்றிலும் 10 மில்லிநொடி காத்திருக்கும்படி எழுதினால், நொடிக்கு 100-க்குச் சற்றுக் குறைவாக மாதிரிகள் வரும். அப்போது 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் நொடிக்கு ஒன்றிரண்டு முறை ஏறி இறங்கும் மெல்லிய அலையாக வேடம் போட்டு வரும். டைமர் குறுக்கீட்டைக் கொண்டு நொடிக்கு 500 மாதிரிகள் எடுத்துப் பாருங்கள். அலை மறைந்தால் உடலிலும் போர்டிலும் தேட வேண்டாம். மாதிரி எடுக்கும் முன் ஒரு லோபாஸ் ஃபில்டர் வேண்டும், அவ்வளவே.

## அறிகுறி 4: அசைந்தால், தொட்டால் குதிக்கிறது

கேபிளை மட்டும் ஆட்டிப் பாருங்கள். குதித்தால் கேபிளின் உட்புற உராய்வில் உண்டாகும் மின்னூட்டம். கேபிளை ஆடையோடு ஒட்டி அசையாமல் வையுங்கள், நிரந்தரமாகத் தீர்க்க ஈசிஜிக்கென்றே செய்த கேபிள் வாங்குங்கள். எலக்ட்ரோடை மெல்ல அழுத்தினால் குதிக்கிறதா? ஓரம் தூக்கியிருக்கிறது. போர்டைப் பென்சிலால் தட்டினால் குதிக்கிறதா? சால்டர் இணைப்பு ஒன்று பிடிக்கவில்லை, அல்லது ஹைபாஸ் ஃபில்டரில் உள்ள செராமிக் கெபாசிட்டர் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றுகிறது. பிரெட்போர்டில் கட்டியது என்றால் வேறு காரணம் தேடாதீர்கள். முதலில் பொதுப் பலகையிலாவது சால்டர் செய்துவிட்டு வாருங்கள்.

## அறிகுறி 5: கோடு முழுதும் பொடிமுடி போல் இரைச்சல்

ஆளைக் கவனியுங்கள். ஏசி அறையில் நடுங்கிக்கொண்டோ, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டோ இருந்தால் நீங்கள் பார்ப்பது அவர் தசைகளின் சமிக்ஞை. கையைத் தளர்த்தச் சொல்லுங்கள், போர்வை கொடுங்கள், மணிக்கட்டில் உள்ள எலக்ட்ரோடைத் தோளுக்கு அருகில் மாற்றுங்கள்.

கொத்துக் கொத்தாக வந்து போனால் அது செல்பேசி அல்லது உங்கள் போர்டில் உள்ள வைஃபை. இஎஸ்பி32 தகவலை அனுப்பும் நேரங்களில் சில நூறு மில்லி ஆம்பியரைச் சட்டென்று இழுக்கும், மின்வழங்கல் தளரும். அனலாக் பகுதிக்குத் தனி ரெகுலேட்டர் வையுங்கள். செல்பேசியைத் தள்ளி வைத்தால் அடங்குகிறது என்றால் உள்ளீட்டில் ரேடியோ ஃபில்டர் இல்லை.

இடைவிடாமல் ஒரே சீராக இருந்து, குறுக்கிணைத்தும் போகாவிட்டால் போர்டின் உள்ளீட்டில் உள்ள தொடர் ரெசிஸ்டர்கள் மிகப் பெரியவையா என்று பாருங்கள். 1 மெகா ஓம் பாதுகாப்பு ரெசிஸ்டர் 150 ஹெர்ட்ஸ் அகலத்தில், உச்சிக்கும் அடிக்கும் இடையே 10 மைக்ரோவோல்ட் அளவுக்குத் தானே இரைச்சல் போடும். ஈசிஜிக்கு அது பொருட்டல்ல. மூளைச் சமிக்ஞையே 10 முதல் 100 மைக்ரோவோல்ட் என்பதால் ஈஈஜிக்கு அது பெரிய கேடு.

அலை வழுவழுப்பாக இல்லாமல் படிக்கட்டு போலத் தெரிந்தால் அது இரைச்சலே அல்ல. 10 பிட் ஆர்டுவினோவில் ஒரு படி 4.9 மில்லிவோல்ட். பெருக்கம் 100 மட்டுமே என்றால் முழு ஈசிஜியும் இருபது படிகளுக்குள் முடிந்துவிடும். பெருக்கத்தை 1000-க்கு ஏற்றுங்கள்.

### ஈஎம்ஜி, ஈஈஜி கட்டுகிறவர்களுக்கு

தசைச் சமிக்ஞை ஏறத்தாழ 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை. ஈசிஜிக்கான 40 ஹெர்ட்ஸ் ஃபில்டரை அப்படியே வைத்துவிட்டு "தசை வேலை செய்யவில்லை" என்று சொல்லாதீர்கள். இரு எலக்ட்ரோடுகளும் தசைநாரின் நீளவாக்கில் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கட்டும். ரெஃபரன்ஸ் முழங்கை எலும்பின் மேல். ஈஈஜிக்கு ஒரு எளிய உண்மைச் சோதனை உண்டு: பின்தலையில் எலக்ட்ரோடு வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். 8 முதல் 13 ஹெர்ட்ஸ் அலை எழ வேண்டும், கண்ணைத் திறந்ததும் தணிய வேண்டும். சிலருக்கு அந்த அலை இயல்பாகவே மெலிந்திருக்கும் என்பதால் இரண்டு மூன்று பேரிடம் பாருங்கள். யாரிடமும் வரவில்லை என்றால், திரையில் எவ்வளவு அழகான அலை ஓடினாலும் அதை மூளையின் அலை என்று நம்ப எனக்கு மனம் வராது.

## அறிகுறி 6: துடிப்பு வருகிறது, வடிவம் தப்பு

தலைகீழாக வருகிறது. வலது, இடது வயர் மாறியிருக்கிறது. கேபிளின் நிறங்களே இங்கே பெரும் குழப்பம். ஐரோப்பிய வழக்கில் சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். அமெரிக்க வழக்கில் வெள்ளை வலது கை, கறுப்பு இடது கை, சிவப்பு இடது கால், பச்சை வலது கால். சந்தையில் இரண்டும் கலந்தே கிடைக்கின்றன. நிறத்தை மறந்துவிட்டு, மல்டிமீட்டரால் போர்டின் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று பார்த்து, வயரில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

துடிப்புக்குப் பின் சிற்றலைகள் வந்து தணிகின்றன. நாட்ச் ஃபில்டர் மிகக் கூர்மையாக இருக்கிறது. 1 மில்லிவோல்ட் சதுர அலை கொடுத்தால் அதன் விளிம்பிலும் அதே சிற்றலை வரும். ஃபில்டரின் கூர்மையைக் குறையுங்கள்.

கியூஆர்எஸ்ஸுக்கு (துடிப்பின் உயரமான கூர்முனைக்கு) அடுத்த பகுதி கீழே இறங்கியிருக்கிறது. 0.5 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் ஃபில்டரே இப்படிச் செய்யும். சிறு போர்டுகள் பலவற்றில் 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்துவார்கள். துடிப்பை எண்ண அது போதும். நோயறியும் ஈசிஜிக்கு 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை வேண்டும். இந்தச் சரிவைப் பார்த்து இதயத்துக்கு ரத்தம் குறைகிறது என்று யாரையும் பயமுறுத்திவிடாதீர்கள்.

## அறிகுறி 7: எண்களே குப்பையாக வருகின்றன

சமிக்ஞையை எண்ணாக மாற்றித் தரும் ஏடிஎஸ்1292, 1298, 1299 வகை 24 பிட் ஐசிகளுக்கு இது. முதலில் அடையாளப் பதிவேட்டைப் படியுங்கள். ஏடிஎஸ்1299 என்றால் 62 வர வேண்டும், ஏடிஎஸ்1298 என்றால் 146, ஏடிஎஸ்1292ஆர் என்றால் 115. 0 அல்லது 255 வந்தால் ஐசியோடு பேசும் எஸ்பிஐ இணைப்பை முறை 1-இல் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பிறகு, ஐசி விழித்தவுடன் தொடர் வாசிப்பு நிலையிலேயே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அதை நிறுத்தும் கட்டளையை அனுப்பாமல் பதிவேடுகளைப் படிக்கவோ எழுதவோ முடியாது.

அடையாளம் சரி, ஆனால் சமிக்ஞை பூஜ்யத்தைத் தாண்டும்போதெல்லாம் 1.67 கோடிக்குத் தாவுகிறது என்றால் எதிர்ம எண்களின் குறியை 32 பிட்டுக்கு நீட்டவில்லை. எட்டுச் சேனல் சட்டகம் 27 பைட். முதல் மூன்றும் நிலைத் தகவல். ஒரு பைட் தள்ளிப் படித்தாலும் திரை முழுக்க ரம்பப் பற்கள்தான். இதெல்லாம் சரியான பிறகு, உள்ளேயே உள்ள சோதனைச் சதுர அலையை இயக்கிப் பாருங்கள். அது ஒழுங்காக வந்தால் எண்களின் பக்கம் முடிந்தது. ரெஃபரன்ஸ் பஃபரை இயக்க மறந்திருந்தால் அதுவும் இங்கேயே தெரிந்துவிடும்.

## எங்கே நிறுத்திவிட்டு நிபுணரை அழைக்க வேண்டும்

ஆள் இணைந்திருக்கும்போது சுவர் மின்சாரத்தில் ஓட வேண்டிய கருவி என்றால் இன்றே நிறுத்துங்கள். மருத்துவத் தரப் பிரிப்பு, அதாவது ஐசொலேஷன், படம் பார்த்துக் கட்டும் வேலை அல்ல. மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புக்கான ஐஇசி 60601-1 தரத்தில், உடலோடு சேரும் பிஎஃப் வகைப் பகுதிக்கு இயல்பு நிலையில் 100 மைக்ரோ ஆம்பியர், இதயத்தோடு நேராகச் சேரும் சிஎஃப் வகைக்கு 10 மைக்ரோ ஆம்பியர் என்று நோயாளிக் கசிவுக்கு எல்லை இருக்கிறது. அதை அளக்கத் தனிக் கருவியும் பயிற்சி பெற்ற பயோமெடிக்கல் பொறியாளரும் வேண்டும். டிஃபிப்ரிலேட்டரோ அறுவைச் சிகிச்சை மின்கத்தியோ இருக்கும் அறைக்கு உங்கள் போர்டு போவதாக இருந்தாலும் இதே பதில்தான். நோயாளிகளிடம் பயன்படுத்தவோ விற்கவோ போகிறீர்கள் என்றால் இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் பொருந்தும்.

குறுக்கிணைப்புச் சோதனையில் இரைச்சல் குறையவே இல்லை, ரெஃப் பின், ஃபிளக்ஸ், மின்வழங்கல் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றால் சிக்கல் போர்டின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. அனலாக் வடிவமைப்பு தெரிந்தவரிடம் மறுவரைவுக்குக் கொடுங்கள். செலவு வைக்கும், ஆனால் ஐசிகளை மாறி மாறி வாங்குவதைவிடக் குறைவு. மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனைக்குச் சென்னை தரமணியில் சமீர் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் மையம் இருக்கிறது.

பொய் உடலிலும் 1 மில்லிவோல்ட் சோதனையிலும் போர்டு குறையின்றி இருந்து, ஒரு குறிப்பிட்ட ஆளிடம் மட்டும் துடிப்பு ஒழுங்கற்று வந்தால் போர்டை விட்டுவிட்டு அவரை மருத்துவரிடம் அனுப்பி, முறையான 12 லீட் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ சேர்ந்திருந்தால் அன்றே, உடனே.

பொறியாளரிடம் போகும்போது போர்டை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். குறுக்கிணைத்து எடுத்த பதிவு, பொய் உடலோடு எடுத்த பதிவு, 1 மில்லிவோல்ட் பதிவு, ஆளிடம் எடுத்த பதிவு ஆகிய நான்கையும், ஒவ்வொன்றும் எந்தப் பெருக்கத்தில், எந்த மின்வழங்கலில் எடுத்தது என்று எழுதி, உங்கள் கையில் உள்ள உண்மையான சர்க்யூட் படத்தோடு கொடுங்கள். முதலில் வரைந்த படத்தையல்ல, இடையில் மாற்றிய ரெசிஸ்டர்கள் எல்லாம் குறித்த படத்தை.